மொரீசியஸ் வீட்டுச் சுவருக்குப் பழைய தாவர ஓவியங்கள்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

தாவரவியல் நூல்களுக்காகப் பதினேழாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை வரையப்பட்ட ஓவியங்கள் அலங்காரத்தை எண்ணி வரையப்பட்டவை அல்ல. ஒரு செடியை மற்றொரு செடியிலிருந்து பிரித்தறிவதற்காகவே அதன் இலை, பூ, காய், விதை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டி, சுற்றிலும் வெறும் தாளை விட்டு ஓவியர்கள் வரைந்தனர். அந்த ஒழுங்கும் வெற்றிடமுமே இன்று அவற்றைச் சுவருக்கு ஏற்றவையாக ஆக்கியிருக்கின்றன. இத்தகைய அச்சுப்படங்களைத் தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, சட்டமிட்டு, நம் தீவின் காற்றுக்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்கும் வகையில் மாட்டும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: செடியைத் தேர்ந்தெடுத்தல்

கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் தொகுப்புகளில் பெரும்பாலும் ஐரோப்பிய ரோஜாக்களும் பெரணிகளுமே உள்ளன. அவை அழகானவைதான், ஆயினும் வீட்டில் எவரும் தொட்டும் முகர்ந்தும் அறியாத ஒரு செடி சுவரில் தொங்கினால், சில மாதங்களில் அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது என் கருத்து. ஆகவே, உங்கள் அடுக்களையிலும் கொல்லையிலும் கோயிலிலும் புழங்கும் செடிகளிலிருந்தே தொடங்குங்கள்.

மஞ்சள், மிளகு, ஏலம், கிராம்பு, சாதிக்காய், புளி, கரும்பு, வனிலா ஆகிய அனைத்தும் ஒரே நூலில் ஒரே பாணியில் கிடைக்கின்றன. ஜெர்மனியின் கேரா நகரில் 1887 முதல் வெளிவந்த கோலரின் மருத்துவத் தாவர நூலே அது. அதன் படங்கள் வண்ணக் கல்லச்சு முறையில், அதாவது வண்ணத்துக்கு ஒரு கல்லாகப் பயன்படுத்தி அச்சிடும் முறையில், அமைந்தவை. நடுவில் முழுக் கிளையும், அதைச் சுற்றிப் பூவின் வெட்டுத்தோற்றமும் விதையும் எண்ணிட்டுக் காட்டப்பட்டிருக்கும். எல்லாப் படங்களும் ஏறத்தாழ ஒரே அளவும் ஒரே அமைப்பும் உடையவை என்பதால், முதன்முதலாக முயல்வோருக்கு இதைவிட எளிதான தொகுப்பு வேறில்லை.

இவற்றுள் கிராம்பும் சாதிக்காயும் இத்தீவுக்கு நெருங்கிய உறவு உடையவை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இத்தீவின் நிர்வாகியாக இருந்த பியேர் புவாவ்ர் 1770-இல், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மலுக்குத் தீவுகளிலிருந்து இவற்றின் கன்றுகளை வருவித்து, பாம்பிள்மூஸ் தோட்டத்தில் நடச் செய்தார். வனிலாவோ அண்டைத் தீவான ரெயூனியனின் கதை. மெக்சிகோவிலிருந்து வந்த அந்தக் கொடி இங்குள்ள தீவுகளில் பூத்தும் காய்க்காமல் இருந்தது. 1841-இல் எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியொன்றால் பூவைக் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியைக் காட்டிய பிறகுதான் வனிலாப் பயிர் தொழிலாக வளர்ந்தது. விருந்தினர் அமரும் கூடத்தில் இந்த மூன்று படங்கள் மட்டும் இருந்தாலே பேச்சுக்குக் குறைவிருக்காது.

தமிழ் மண்ணோடு ஒட்டிய படங்களை விரும்புவோர் ஸ்காட்லாந்துத் தாவரவியலர் வில்லியம் ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றிய நூலைப் பார்க்க வேண்டும். 1795-க்கும் 1820-க்கும் இடையே மூன்று தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்த அந்நூலில் 300 படங்கள் உள்ளன. அவற்றுக்கு மூலமான ஓவியங்களை இந்திய ஓவியர்களே வரைந்தார்கள். பனையும் வில்வமும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. பிறகு சென்னையில் தாவரவியலர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ஆறு தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லச்சுப் படங்கள் அடங்கியுள்ளன. ராக்ஸ்பரோவின் ஓவியர்களுடைய பெயர்கள் நூலில் இடம்பெறவில்லை. வைட்டோ தம் ஓவியர்களான ரங்கையாவையும் கோவிந்துவையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். வைட்டின் படங்களில் பெரும்பாலானவை வண்ணமின்றிக் கறுப்புக் கோட்டோவியங்களாக இருப்பதால், தரை ஓடுகளும் திரைச்சீலையும் ஏற்கெனவே வண்ணமயமாக உள்ள அறைகளுக்கு அவையே பொருந்தும்.

எத்தனை படங்கள் வேண்டும் என்பதற்கு என் விடை: முதலில் மூன்று அல்லது நான்கு, அதற்குமேல் வேண்டாம். ஒரே நூலிலிருந்து எடுத்தவையாகவும் அவை இருக்கட்டும்.

இரண்டாம் படி: படத்தைத் தேடிப் பெறுதல்

மேற்சொன்ன நூல்கள் எல்லாம் காப்புரிமைக் காலம் கடந்தவை. பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து நடத்தும் உயிரினப் பன்மை மரபு நூலகம் (Biodiversity Heritage Library) என்ற இணையத் தொகுப்பிலும், விக்கிமீடியா காமன்ஸிலும் அவற்றின் பக்கங்களை இலவசமாகத் தரவிறக்கலாம். செடியின் இலத்தீன் பெயரைக் கொண்டு தேடுவதே பயன் தரும். எடுத்துக்காட்டாக, மஞ்சளுக்குக் குர்குமா லோங்கா (Curcuma longa) என்றும் மிளகுக்குப் பைப்பர் நிக்ரம் (Piper nigrum) என்றும் தேடலாம். பழைய நூல்களில் பெயர் மாறியிருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கிராம்பு இன்று சிசீஜியம் அரோமாட்டிகம் எனப்படுகிறது. முன்னர் கேரியோஃபில்லஸ் என்றும் யூஜீனியா என்றும் வகைப்படுத்தப்பட்டிருந்தது.

மூலப் பிரதியையே வாங்க விரும்புவோர் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். புள்ளிகள் சீரான வரிசையிலோ சிறு பூ வடிவிலோ தெரிந்தால் அது அண்மைக்கால இயந்திர அச்சாகும். வண்ணக் கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். செப்புத்தகட்டு அச்சாயின் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் தாளில் விரலுக்குத் தட்டுப்படும், ஓரம் வெட்டப்படாதிருந்தால். கையால் தீட்டிய வண்ணம் ஆங்காங்கே கோட்டைத் தாண்டியிருக்கும். இதைக் குறையாகக் கருத வேண்டாம். இலண்டனில் 1787-இல் கர்ட்டிஸ் தொடங்கிய தாவரவியல் இதழில் 1948 வரை இவ்வாறு கையால் வண்ணம் தீட்டும் வழக்கம் நீடித்தது. இருப்பினும், நம் தட்பவெப்பத்தில் மூலப் பிரதியைச் சுவரில் மாட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதைப் பெட்டியில் பாதுகாத்து, நகலை மாட்டுவதே அறிவுடைமை.

மூன்றாம் படி: கோப்பின் அளவைச் சரிபார்த்தல்

திரையில் தெளிவாகத் தெரியும் படம் தாளில் மங்கலாகிவிடுவது உண்டு. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் எனக் கொண்டால், படத்தின் அகலத்தைக் குறிக்கும் பிக்சல் எண்ணை 300-ஆல் வகுத்து 2.54-ஆல் பெருக்கினால், எத்தனை சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சிடலாம் என்பது தெரிந்துவிடும். 2400 பிக்சல் அகலமுள்ள படத்தை 20 சென்டிமீட்டர் அகலம் வரை தயக்கமின்றி அச்சிடலாம். ஏ4 தாள் முழுவதற்கும் 2480-க்கு 3508 பிக்சலும், ஏ3 தாளுக்கு 3508-க்கு 4961 பிக்சலும் தேவைப்படும். சற்றுத் தொலைவிலிருந்து மட்டுமே பார்க்கப்படும் பெரிய படத்துக்கு 200 புள்ளிகளும் போதும்.

பழைய தாளின் மஞ்சள் நிறத்தை முற்றிலும் வெளுக்கச் செய்யாதீர்கள். வெளுத்தால் படம் பாடநூல் பக்கம்போல் ஆகிவிடும். நான்கு படங்களின் பின்னணியும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும் அளவுக்கு மட்டும் திருத்தி, நான்கு பக்கமும் ஒரே அளவு ஓரம் விட்டு வெட்டுங்கள்.

நான்காம் படி: அச்சிடுதல்

பளபளப்பில்லாத, அமிலமற்ற, சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் எடையுள்ள தாளையும், சாய மைக்கு மாறாக நிறமி மையையும் அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள். நிறமி மை வெளிச்சத்தில் மெதுவாகவே மங்கும். நான்கையும் ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் அச்சிடச் சொல்லுங்கள். முதலில் ஒன்றை மட்டும் அச்சிட்டு வீட்டு விளக்கொளியில் பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: சட்டமிடுதல்

படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சாளரம்போல் வெட்டிய அட்டை ஒன்று வர வேண்டும். பிரெஞ்சு பேசும் சட்டக் கடைகளில் பாஸ்-பார்த்து என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அது வெறும் அழகுக்கானது அன்று. கண்ணாடியின் உட்புறத்தில் ஈரம் படியும்போது தாள் அதில் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அந்த அட்டைதான். ஆகையால் மொரீசியஸில் இதைத் தவிர்க்கவே கூடாது. ஏ4 படத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் அகலமுள்ள, தூய வெண்மையைவிடச் சற்றே மங்கிய நிறமுடைய, அமிலமற்ற அட்டையைத் தேர்ந்தெடுங்கள்.

படத்தைப் பின்னட்டையில் பசையால் முழுவதும் ஒட்டிவிடாதீர்கள். ஈரத்தில் தாள் விரியும், வறட்சியில் சுருங்கும். அதற்கு இடமில்லாவிட்டால் அலை அலையாக நெளிந்துவிடும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடங்களில் அமிலமற்ற தாள் நாடாவால் தொங்கவிடுங்கள். சாதாரண செல்லோடேப் சில ஆண்டுகளில் பழுத்துத் தாளில் கறையை ஏற்படுத்தும்.

எல்லாச் சட்டங்களும் ஒரே மரத்தில், ஒரே அகலத்தில், எளிமையாக இருக்கட்டும். பொன்முலாம் பூசிய வேலைப்பாடுள்ள சட்டம் கல்யாணப் படத்துக்குப் பொருந்தும். மெல்லிய கோடுகளாலான இந்த ஓவியங்களை அது விழுங்கிவிடும். கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு பொருத்தினால் எடை குறையும், உடையும் அச்சமும் இல்லை. சட்டத்தின் பின்புறத்தைத் தாள் நாடாவால் மூடி, கீழ் மூலைகள் இரண்டிலும் சிறு ரப்பர்க் குமிழ்களை ஒட்டுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று புகுந்து வெளியேற அந்த இடைவெளி போதுமானது.

ஆறாம் படி: சுவரைத் தெரிவு செய்தல்

அலங்காரம் பற்றிய ஐரோப்பிய நூல்கள் வடக்குச் சன்னலுள்ள அறையில் நேர்வெயில் வராது என்று சொல்லும். நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறோம். இங்கே நிலைமை நேர்மாறானது. குளிர்காலத்தில் தாழ்ந்து செல்லும் சூரியன் வடக்குச் சன்னல் வழியாகவே அறையின் உட்புறம் வரை வெயிலை அனுப்புகிறது. மேற்குச் சன்னலுக்கு எதிரேயுள்ள சுவரோ ஆண்டு முழுவதும் மாலை வெயிலைப் பெறுகிறது. வெளிச்சத்தால் மங்கிய நிறம் மீண்டும் வராது. எனவே விடுமுறை நாளொன்றில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் சுவரைக் கவனித்து, வெயில் படாத இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈரம். தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக்காற்று கொண்டுவரும் மழை, வீட்டின் தென்கிழக்கு வெளிச்சுவரைத்தான் முதலில் நனைக்கிறது. பெரும்பாலான வீடுகள் கான்கிரீட்டால் ஆனவை என்பதால், உறிஞ்சிய நீர் சுவரின் உட்புறம் வரை கசியலாம். கியூர்பிப், வாக்வா போன்ற மேட்டுநிலப் பகுதிகளில் இருப்போர் வெளிச்சுவர்களை முற்றாக விட்டுவிட்டு, இரு அறைகளுக்கு இடைப்பட்ட உட்சுவரையே பயன்படுத்த வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீண்ட நாள் நின்றால் பூஞ்சணம் தலைகாட்டும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை அறையில் வைத்தால் ஊகிக்கத் தேவையில்லை. கடற்கரையோரம் வசிப்போருக்கு உப்புக்காற்றே பகை. அங்கே இரும்பு ஆணி துருவேறிச் சுவரில் கறையிறக்கும் என்பதால், துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளைக் கொக்கிகளையே வாங்க வேண்டும்.

சாமி அறையில் வில்வப் படத்தை மாட்ட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் தாளைக் கறுக்கச் செய்யும்; அறைக்கு வெளியே, வாயிலின் பக்கச் சுவரில் மாட்டினால் பொருளும் கெடாது, பொருத்தமும் குறையாது. அடுக்களையில் மஞ்சளும் மிளகும் வேண்டுமெனில், அடுப்பிலிருந்து தள்ளி, விலை குறைந்த நகலொன்றை மாட்டி, நிறம் மாறும்போது வேறொன்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அளந்து மாட்டுதல்

சட்டத்தின் அளவிலேயே பழைய நாளிதழ்த் தாள்களை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு மூன்று நாள் பார்த்துப் பழகிய பிறகே துளையிடுங்கள். படத்தொகுதியின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பது நிற்பவர் கண்ணுக்கு ஏற்றது. உணவு மேசைக்கு அருகே உட்கார்ந்தே பார்ப்போம் என்பதால் சற்றுத் தாழ்த்தலாம். சட்டங்களுக்கு இடையே 5 சென்டிமீட்டர் விடுங்கள். சோபாவுக்கு மேல் மாட்டினால், மொத்த அகலம் சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கட்டும்.

கான்கிரீட் சுவரில் சுத்தியலால் ஆணி அடித்தால் பூச்சுதான் பெயரும். தட்டும் வசதியுள்ள டிரில்லால் 6 மில்லிமீட்டர் துளையிட்டு, தூசியை நீக்கி, திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையான ஷெவிலைச் செருகி, அதில் திருகைப் பொருத்துங்கள். மின்சுவிட்சுக்கும் மின்செருகிக்கும் நேர் மேலேயும் கீழேயும் துளையிடக் கூடாது. அங்கே கம்பிகள் சுவருக்குள் செல்லும். சட்டம் ஒன்றுக்கு இரண்டு திருகுகள் வைத்து, ரசமட்டத்தால் சரிபார்த்தால், கதவு சாத்தும் அதிர்வில் படம் சாயாது.

எட்டாம் படி: பராமரிப்பு

ஆண்டுக்கு இரு முறை சட்டங்களைக் கழற்றி, பின்புறத்தில் பூஞ்சணம், இராமபாணப் பூச்சி ஆகியவற்றின் தடயம் உள்ளதா என்று பாருங்கள். கண்ணாடியில் நேரடியாக நீர் தெளிக்காமல், துணியை நனைத்துத் துடையுங்கள். தெளித்த நீர் சட்டத்தின் கீழ் விளிம்பு வழியே உள்ளே இறங்கும்.

புயல் பருவம் நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை நீள்கிறது. இரண்டாம் வகுப்பு எச்சரிக்கை வந்தவுடனேயே சன்னலுக்கு அருகிலுள்ள படங்களை இறக்கி, பெரிய பிளாஸ்டிக் பைகளில் நிமிர்த்தி வைத்து, உள்ளறை அலமாரியின் மேல்தட்டில் சேர்த்துவிடுங்கள். மூன்றாம் வகுப்பு வரை காத்திருந்தால் தண்ணீர் நிரப்பவும் கதவடைக்கவுமே நேரம் சரியாக இருக்கும். புயல் கடந்த பின் பைகளை உடனே திறந்து படங்களுக்குக் காற்றுப்படச் செய்யுங்கள். சுவரில் கைவைத்தால் ஈரம் தெரியாத அளவுக்கு உலர்ந்த பிறகே அவற்றை மீண்டும் மாட்டுங்கள்.