ஸ்பைனோசாரஸ் பல் வாங்கப் போறீங்களா? முதல்ல மண்ணு ஒட்டியிருக்குற இடத்த பாருங்க

முழுசா ரெசின்ல வார்த்த டைனோசர் பல்ல கண்டுபிடிக்கிறது பெரிய விஷயம் இல்ல. நம்மள ஏமாத்துறது பாதிக்கு மேல நிஜமா இருக்குற பல்லுதான். நுனி ஒரு பல்லோடது, அடி வேற ஒரு பல்லோடது, ரெண்டுமே கிட்டத்தட்ட பத்து கோடி வருஷப் பழசு, நடுவுல மட்டும் பசையும் மண்ணும். நெட்ல விக்கிற டைனோசர் பல்லுல ரொம்ப சகஜமா கிடைக்கிறது மொராக்கோ ஸ்பைனோசாரஸ் பல், அதனால அதையே வெச்சு சொல்றேன்.

மொராக்கோவோட தென்கிழக்குல, அல்ஜீரியா பார்டர ஒட்டி கெம் கெம்னு சொல்ற பாறை அடுக்கு இருக்கு, அங்க ஊர்க்காரங்க மலைச்சரிவுல குறுகலான சுரங்கம் மாதிரி கையாலயே தோண்டி பல்ல எடுத்து எர்ஃபூத்ங்கிற ஊர்ப் பக்கம் வியாபாரிங்ககிட்ட குடுக்குறாங்க. தோண்டும்போது பல்லு உடையத்தான் செய்யும், உடைஞ்ச துண்டுக்கு விலை கம்மி, பெரிய முழுப் பல்லுக்கு விலை பல மடங்கு, ஒட்டு வேலை ஏன் இவ்ளோ நடக்குதுன்னா காரணம் இவ்ளோதான். பல்லுக்கு அங்க பஞ்சமும் இல்ல. டைனோசருக்கு ஆயுசு பூரா பல்லு விழுந்து விழுந்து முளைக்கும். 2020ல வந்த ஒரு ஆய்வுல, அங்க ஒரு பழைய ஆத்துப் படிவுல சேகரிச்ச 1,200க்கு மேற்பட்ட பற்கள்ல கிட்டத்தட்ட பாதி ஸ்பைனோசாரஸோடதுதான்னு சொன்னாங்க.

இதுலயே முதல் டெஸ்ட் இருக்கு. தானா விழுந்த பல்லுக்கு வேர் இருக்காது, அடியில புதுப் பல்லு முளைச்சு வரும்போதே பழைய வேர் கரைஞ்சு போயிடும், மேல் பகுதி மட்டும் கழண்டு விழும். அதனால நீளமான வேரோட பளிச்சுன்னு ஒரு பல்லு சகாய விலைக்கு வந்தா சந்தேகப்படுங்க. வேரோட நிஜப் பல்லு இருக்கு, ஆனா அது அபூர்வம், விலையும் அதுக்கேத்த மாதிரி இருக்கும்.

பல்ல கையில எடுத்தா (இல்ல போட்டோல பார்த்தா) முதல்ல கண்ணு போக வேண்டியது மண்ணு ஒட்டியிருக்குற இடத்துக்கு. அடியில இருக்குற குழிக்குள்ள செம்மண் கலர்ல கல்லு மாதிரி இறுகின மணல் இருந்தா அது இயற்கை. ஆனா பல்லோட நடு உடம்புல மோதிரம் போட்ட மாதிரி சுத்தி மணல் பட்டை இருந்துச்சுன்னா, அது ஒட்டை மறைக்கப் பூசினதா இருக்க வாய்ப்பு அதிகம்.

எனக்கு நடந்தத சொல்றேன். ஒன்பது செமீல ஒரு பல்லு வாங்கினேன், தேன் கலர், நல்ல வளைவு, நடுவுல ஒரு விரல் நகம் அகலத்துக்கு மணல். பட்ஸ்ல அசிட்டோன் (நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம்) தொட்டு அந்த மணல்ல வெச்சு மெதுவா உருட்டினேன், ரெண்டு நிமிஷத்துல பஞ்சு பழுப்பாச்சு, மணல் பிசுபிசுன்னு வழிய ஆரம்பிச்சுது, இன்னும் கொஞ்ச நேரத்துல பல்லு கையிலயே ரெண்டா வந்துடுச்சு. கீழ் துண்டு மேல் துண்ட விட ரெண்டு மில்லி தடிமன் அதிகம், அந்த வித்தியாசத்த மூடத்தான் அவ்ளோ மணல். வித்தவர் காசு திருப்பித் தரல. காச விட எனக்கு வலிச்சது என்னன்னா, ரெண்டு நல்ல பல்லு, உடைஞ்ச நிலையிலயே அழகா இருந்திருக்கும், ஒட்டுறதுக்காக ரெண்டோட உடைஞ்ச முகத்தையும் உரசித் தேய்ச்சிருந்தாங்க.

அசிட்டோன் டெஸ்ட் உங்க சொந்தப் பல்லுல மட்டும் பண்ணுங்க, ஜன்னல திறந்து வெச்சுக்கங்க, பக்கத்துல அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. பிசுபிசுப்பு வந்த உடனே மோசடின்னு முடிவு பண்ணிடாதீங்க, விரிசல் விட்ட ஃபாசில் உதிராம இருக்க மியூசியத்துலயே கரைச்ச பிளாஸ்டிக் மாதிரி ஒரு பசை தடவுவாங்க, அதுவும் அசிட்டோன்ல கரையும். எம்-சீல் மாதிரி எபாக்ஸி பசைன்னா அசிட்டோன்ல கரையவே கரையாது, அதனால கரையலன்னா ஒட்டே இல்லன்னும் அர்த்தம் இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடின்னா நம்ப வேண்டியது விளிம்பு. ஸ்பைனோசாரஸ் பல்லோட ரெண்டு பக்கமும் நுனியில இருந்து அடி வரைக்கும் மெல்லிசா ஒரு வரப்பு ஓடும், ரம்பப் பல்லு இருக்காது. நகத்த வெச்சு நுனியில இருந்து மெதுவா இழுத்துட்டு வாங்க, நிஜமான ஒரே பல்லுன்னா உடைஞ்சு ஒட்டின இடத்துலயும் அந்த வரப்பு அதே கோட்டுல தொடரும், வேற வேற துண்டுன்னா அங்க விலகும், இல்ல மணலுக்கு அடியில காணாமப் போயிடும். எனாமல் மேல நீளவாக்குல ஓடுற நுணுக்கமான கோடுகளுக்கும் இதே கணக்குதான். சில பல்லுல கோடு நல்லா தெரியும், சிலதுல மழுமழுன்னு இருக்கும், ஆனா ஒரே பல்லுல மேல பாதி கோடு கீழ பாதி மழுமழுன்னு பட்டுன்னு மாறாது.

நகைக்கடைக்காரங்க வெச்சிருக்குற 10எக்ஸ் லூப் (பத்து மடங்கு பெருசாக் காட்டுற குட்டி லென்ஸ்) ஒண்ணு வாங்கிக்கங்க. பசைக்குள்ள குட்டிக் குட்டிக் காத்துக் குமிழி தெரிஞ்சுதுன்னா அது மனுஷன் கை வேலை. அப்புறம் இருட்டு ரூம்ல 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடிச்சு பாருங்க, பசையும் ஃபில்லரும் (இடைவெளிய அடைக்கப் பூசுற கலவை) நிறைய தடவ வெள்ளையாவோ நீலமாவோ பளிச்சுன்னு தனியா தெரியும். ஒளிராத பசையும் இருக்கு, அதனால ஒளிரலன்னா சுத்தம்னு அர்த்தம் இல்ல.

கார்கரோடான்டோசாரஸ்ங்கிற இன்னொரு டைனோசரோட பல்லுன்னா கதை வேற, அது தட்டையா கத்தி மாதிரி இருக்கும், விளிம்புல ரம்பம் இருக்கும். தேய்ஞ்ச விளிம்புல அரத்தால புதுசா ரம்பம் வெட்டி விக்கிறதும் உண்டு. லூப்ல பார்த்தா நிஜ ரம்பம் ஒரே சீரா அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும், வெட்டினது கோணல்மாணலா, பள்ளத்துக்குள்ள வெளிறிப் போய் இருக்கும்.

ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா நாலு பக்கமும், அடிப்பக்கமும், நுனியும் தனித்தனியா போட்டோ கேளுங்க. "ரிப்பேர் இருக்கா"ன்னு மட்டும் கேட்டா "லேசா"ன்னு பதில் வரும். "எத்தனை துண்டு, எல்லாம் ஒரே பல்லோடதா, எங்க ஃபில்லர் போட்டிருக்கு"ன்னு எழுத்துல கேளுங்க. உடைஞ்சு அதே பல்லோட துண்டுகளையே ஒட்டினதுன்னா நான் தயங்காம வாங்குவேன், சொல்லிட்டு வித்தா அதுல தப்பே இல்ல. தாடையோட கல்லுல பதிஞ்ச மாதிரி வர்ற பீஸ்கள மட்டும் தொடவே மாட்டேன், மணலையும் பசையையும் குழைச்சு ஏதோ எலும்புத் துண்டோட செட் பண்ணினதுதான் அதுல நிறைய.

பேரையும் ஒரு தடவ சரி பாத்துக்கங்க, பல்லு சுத்தமான ஒரிஜினலா இருந்தும் டைனோசரே இல்லாம போகலாம். அதே கெம் கெம் பாறையில முதலைப் பல்லும் ஏராளம், குட்டையா உருண்டையா இருக்குற முதலைப் பல்ல ஸ்பைனோசாரஸ்னு லேபிள் ஒட்டி விக்கிறது தினமும் நடக்குது.