தொண்டை ஸ்வாபில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்: உறையையும் நொதிகளையும் கண்ணால் பார்ப்பது எப்படி?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் லேப் டெக்னீசியன் படிக்கும் தம்பி தங்கச்சிகள் தொண்டையைப் புண்ணாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "உறை, நொதின்னு பக்கம் பக்கமா மனப்பாடம் பண்ணுறோம், கண்ணால பாக்க முடியுமா அக்கா?" முடியும். ஆனால் ஆய்வகத்தில், ஆசிரியர் கூட நிற்கும்போது மட்டும். (உறை என்பது கிருமியைப் போர்த்தியிருக்கும் படலம்; நொதி என்பது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்.)

படி 1: ஸ்வாப் எடுப்பது

நாக்கை அழுத்திப் பிடித்து, ஸ்வாப் என்ற பஞ்சுக்குச்சியால் இரண்டு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் தேய்த்து எடுங்கள். நாக்கில் பட்டால் வாயில் இருக்கும் கிருமிகளே தட்டை நிறைத்துவிடும்.

படி 2: கோடு போடுவது

5 சதவீதம் செம்மறியாட்டு இரத்தம் கலந்த பிளட் அகார் தட்டில் (அகார் என்பது கிருமி வளர்க்கும் கூழ்) கோடு இழுத்து முடித்ததும், லூப் என்ற கம்பி வளையத்தால் அகாருக்குள் இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. இந்தக் கிருமி சுரக்கும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ ஆக்சிஜன் பட்டால் செயலிழக்கும். குத்திய இடத்தில் காற்று குறைவு, அதனால் அங்கே அது சிவப்பணுவை உடைப்பது தெரியும். மேலே தெரியும் தெளிவான வளையம் பெரும்பாலும் காற்றைத் தாங்கும் ஸ்ட்ரெப்டோலைசின் எஸ்ஸின் வேலை. இரண்டும் நொதிகள் அல்ல, நச்சுகள். தேர்வில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

படி 3: சீக்கிரம் பார்ப்பது

37 டிகிரியில் வைத்து, 18 மணி நேரத்தில் எடுத்துப் பாருங்கள். உறை தடித்த ஸ்ட்ரெயின் (கிருமியின் உள்வகை) என்றால் காலனிகள் (தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டங்கள்) இளநொங்கைக் கீறினாற்போல் ஈரமாக மினுங்கும். அந்த வழவழப்பு ஹயலுரானிக் அமிலம். நம் மூட்டுகளில் இருப்பதும் அதே பொருள்தான். அதனால் உடம்புக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை. வெள்ளையணு விழுங்கப் போனாலும் பிடி கிடைப்பதில்லை.

மறுநாள் பார்த்தால் அந்த மினுக்கம் போய், காலனி வாடிச் சுருங்கியிருக்கும். ஈரம் வற்றுவது ஒரு காரணம். ஹயலுரானிக் அமிலத்தை அறுக்கும் ஹயலுரானிடேஸ் நொதியைச் சில ஸ்ட்ரெயின்கள் தாமே சுரப்பதும் உண்டு. எம் புரதத்தை வைத்துப் பிரித்த வகைகளில் எம்4, எம்22 இரண்டுக்கும் இந்த உறையே கிடையாது, ஆனாலும் தொண்டையைப் புண்ணாக்கும். ஆகவே மினுக்கம் இல்லை என்று தட்டை ஒதுக்காதீர்கள்.

படி 4: உறுதி செய்வது

கேட்டலேஸ் சோதனை எதிர்மறை (ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைக்காது), 0.04 யூனிட் பேசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் வட்டைச் சுற்றி வளர்ச்சியில்லை என்றால் தொண்டைப்புண் தரும் ஏ பிரிவாக இருக்க வாய்ப்பு அதிகம். கிருமிச் சுவரின் சர்க்கரைப் பொருளை வைத்துப் பிரிக்கும் லான்ஸ்ஃபீல்டு பிரிவுச் சோதனையில் முடிவு செய்யுங்கள்.

படி 5: டி.என்.ஏஸ்

குளச்சல் கரையில் கரமடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவும் தன் டி.என்.ஏவையே வலையாக வீசிக் கிருமியை வளைக்கும். கிருமி சுரக்கும் டி.என்.ஏஸ் என்ற நொதி அந்த வலையை அறுத்துவிடும். இதைப் பார்க்க, டி.என்.ஏ கலந்த அகாரில் கிருமியைப் புள்ளியாக வைத்து, வளர்ந்தபின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுங்கள். தட்டு வெள்ளையாக மங்கும்; நொதி வேலை செய்த இடம் மட்டும் தெளிவாக நிற்கும்.

படி 6: ஸ்ட்ரெப்டோகைனேஸ்

உடம்பு, இரத்தக் கட்டியின் நாரான ஃபைப்ரினால் சுவர் கட்டிக் கிருமியை அடைக்கப் பார்க்கும். கிருமி சுரக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் நம் இரத்தத்தில் உள்ள பிளாஸ்மினோஜென் என்ற புரதத்தையே கிளப்பிவிட்டு அந்தச் சுவரைக் கரைக்கும். 1933இல் டில்லெட், கார்னர் என்ற ஆய்வாளர்கள் கண்டது இதைத்தான். பின்னாளில் மாரடைப்புக்கே மருந்தானது. இதைப் பார்க்க, உறையாமலிருக்க ஆக்சலேட் சேர்த்த மனித பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதி) கிருமி வளர்ந்த திரவத்தைக் கலந்து, கால்சியம் குளோரைடு விட்டு உறைய விடுங்கள். மாட்டு பிளாஸ்மா உதவாது. கிருமித் திரவம் சேர்க்காத குழாய் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டையும் சாய்த்துப் பாருங்கள்: கிருமித் திரவம் சேர்க்காததில் கட்டி அசையாது, சேர்த்ததில் தண்ணீராக ஓடும்.