கிழக்கில் சிறுநீரகப் பகிர்வு வலையமைப்பு: பட்டியலில் தொடங்குங்கள்

மூளைச்சாவடைந்தவரின் சிறுநீரகங்களைப் பகிர்வது என்றதும் எல்லோரும் சத்திரசிகிச்சைக் கூடத்தைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை வைத்தியசாலைகள் முதலில் செய்ய வேண்டியது ஒரே காத்திருப்புப் பட்டியலையும் அதன் விதிகளையும் எழுதி ஒப்பமிடுவது. சிறுநீரகம் கிடைத்த இரவில் விதி பேசினால், ஆள் தெரிந்தவருக்கே அது போகும்.

காத்திருப்பு நாளை டயலிசிஸ் தொடங்கிய திகதியிலிருந்து எண்ணுங்கள், பதிவுத் திகதியிலிருந்து அல்ல. மகாஓயா, தெஹியத்தக்கண்டிப் பக்கத்து விவசாயி பரிசோதனைகளை முடித்துப் பதிவதற்குள் பல மாதம் போய்விடும். அந்தத் தாமதத்துக்கு அவரைத் தண்டிக்கக் கூடாது. ஓ குருதி வகைச் சிறுநீரகம் ஓ வகையினருக்கே போகட்டும். அது எல்லா வகைக்கும் பொருந்துவதால், விதி இல்லாவிட்டால் மற்றவர்களுக்குப் போய் ஓ வகையினரின் வரிசை நீண்டுகொண்டே போகும். அடுத்து எச்எல்ஏ (உடல் தன் திசுவையும் பிறர் திசுவையும் பிரித்தறியும் அடையாளங்கள்) பொருத்தம், சிறுவர், பலமுறை கருவுற்றதாலோ குருதி ஏற்றியதாலோ பிறர் திசுவைத் தாக்கும் எதிர்ப்பொருள் மிகுந்தவர்கள் ஆகியோருக்குப் புள்ளி கொடுங்கள். இருவர் தனித்தனியே கையால் கூட்டினாலும் ஒரே விடை வரும் அளவுக்குப் புள்ளிமுறை எளிதாக இருக்க வேண்டும்.

பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் சீரமும் (எதிர்ப்பொருள் இருக்கும் குருதித் தெளிநீர்) 3 மாதத்துக்கு ஒருமுறை புதிதாகச் சேமிக்கப்பட வேண்டும். குருதி ஏற்றினால் 2 வாரம் கழித்து மீண்டும் எடுங்கள். பழைய சீரத்தில் பொருத்தம் சரி என்று வந்து, புதிதாக உருவான எதிர்ப்பொருள் சிறுநீரகத்தைச் சில மணித்தியாலத்திலேயே அழித்துவிடலாம்.

இனித் தீவிர சிகிச்சைப் பிரிவு. நம் பகுதியில் மூளைச்சாவுப் பரிசோதனைக்கு முன் பாம்புக்கடி காரணமல்ல என்று கட்டாயம் உறுதிசெய்து விலக்குங்கள். கட்டுவிரியன் நஞ்சு ஏறியவருக்குக் கண்மணி விரிந்து அசையாமல், மூச்சும் நின்றிருக்கும். ஆனால் அவர் மீண்டு எழக்கூடியவர். பூச்சிமருந்து நஞ்சு, மயக்க மருந்து, 35 பாகைக்குக் கீழான உடல் வெப்பம் ஆகியவற்றையும் அப்படியே விலக்குங்கள். பரிசோதிக்கும் வைத்தியர்கள் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைக் குழுவில் இருக்கவே கூடாது.

இலங்கையில் உறுப்புக் கொடைக்கு 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வீதி விபத்தென்றால் மரண விசாரணையும் உண்டு. ஆகவே சட்ட வைத்திய அதிகாரிக்கும் பொலிஸுக்கும் சிறுநீரகத்தை அகற்றுவதற்கு முன்பே அறிவிக்கும் ஒழுங்கு எழுத்தில் இருக்கட்டும். குடும்பத்துடன் பேசுபவர் சிகிச்சை தந்த வைத்தியராக இல்லாமல், பயிற்சி பெற்ற இணைப்பாளராக இருப்பது நல்லது. முஸ்லிம் குடும்பங்கள் ஜனாஸாவை விரைந்து அடக்க விரும்புவார்கள். உடல் எத்தனை மணிக்குக் கையளிக்கப்படும் என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்தைக் காப்பாற்றுங்கள்.

ஒப்புதல் கிடைத்ததும் சராசரிக் குருதியழுத்தத்தை 65 மி.மீ. பாதரசத்துக்கு மேலும், சிறுநீரை மணித்தியாலத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 1 மில்லிலீற்றர் அளவிலும் வைத்திருங்கள். சிறுநீர் திடீரெனப் பெருகினால் மூளைச்சாவால் வரும் ஹார்மோன் குறைபாடா என்று பாருங்கள். அந்தக் குறையை ஈடுசெய்யும் வாசோபிரெசின் தாமதமானால் குருதியில் சோடியம் ஏறிவிடும்.

கொடையாளியின் குருதியை, முடிந்தால் அதிகக் குருதி ஏற்றுமுன், எடுத்துச் சிறுநீரகத்துக்கு முன்பே ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். கொடையாளியின் அணுக்களைப் பெறுநரின் சீரத்தோடு கலந்து பார்க்கும் குறுக்குப் பொருத்தச் சோதனைக்குச் சில மணித்தியாலம் பிடிக்கும். அந்தக் குழாய்களை ஐஸில் வைக்காதீர்கள். குளிரில் வெள்ளணுக்கள் சாகும், முடிவும் குழம்பும்.

சிறுநீரகத்துக்கு நேர்மாறு: குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தில், மூன்று அடுக்கு மலட்டுப் பையில், ஐஸ் நேரே படாமல், 4 பாகை அளவில். பெட்டியின் மேல் வலமா இடமா, குருதி வகை, குளிரூட்டிய நேரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். செங்கலடி, மகாஓயா, மகியங்கனை வழியாக, மாற்றுச் சத்திரசிகிச்சை நடக்கும் கண்டிக்கு அம்புலன்ஸில் நான்கைந்து மணித்தியாலம் ஆகலாம். மகியங்கனை–கண்டி மலைவீதியின் 18 வளைவில் மழை, மண்சரிவு என்றால் பதுளை வழி செல்ல வேண்டிவரும், மாற்றுச் சாரதியும் தேவை. சிறுநீரகம் குளிரில் இருக்கும் நேரம் 24 மணித்தியாலத்துக்குள் அடங்குவது நல்லது. நீளும்போது மாற்றிய சிறுநீரகம் வேலை தொடங்கத் தாமதிக்கும், மேலும் சில நாள் டயலிசிஸ் தேவைப்படலாம்.

ஒரு சிறுநீரகத்துக்கு மூவரை அழையுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் இருக்கும், ஒருவருக்குப் பொருத்தம் தவறும். தாண்டப்பட்டவரின் பெயருக்கு எதிரே காரணமும் நேரமும் எழுதுங்கள், அவர் கேட்டால் காட்டுங்கள். பொத்துவிலிலிருந்து கண்டி வரை வந்து வெறுங்கையோடு திரும்புபவருக்குப் போகவர வாகனச் செலவையும், தவறிய டயலிசிஸை அங்கேயே செய்துகொள்ள ஓர் இடத்தையும் திட்டத்தின் பணத்திலேயே ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த அழைப்புக்கு அவர் வரமாட்டார்.