வட்டியில்லா 90 நாள் முடியும்போது கிரெடிட் கார்டு பாக்கியை எப்படி அடைப்பது?

பெங்களூரில் வீடு மாறினால் என்ன ஆகும் என்று தெரியும்தானே. அட்வான்ஸ் கையிருப்பைத் துடைத்துவிட்டது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் கார்டில் ஏறின. அந்த 42,000 ரூபாயை இன்னொரு கார்டுக்கு பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் செய்தேன், அதாவது பாக்கியை அந்தக் கார்டுக்கு மாற்றினேன். 90 நாளுக்கு வட்டி இல்லை, பிராசஸிங் கட்டணம் மட்டும். நவம்பருக்குள் 12,000 வரை இறக்கிவிட்டேன். அப்புறம்தான் கோட்டை விட்டேன்.

முதல் வேலை, சலுகை முடியும் தேதியைக் கண்டுபிடிப்பது. நான் சறுக்கியது இங்கேதான். என் பில் கட்டக் கடைசி நாள் நவம்பர் 18. சலுகையும் அன்றுவரை என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆனால் 90 நாள் எண்ணப்பட்டது டிரான்ஸ்ஃபர் பதிவான ஆகஸ்ட் 8-லிருந்து. நவம்பர் 6-லேயே சலுகை முடிந்துவிட்டது! உங்களுக்கு வந்த எஸ்எம்எஸ்ஸைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பித் தேதியை எழுத்தில் வாங்குங்கள். ஆப்பில் இருக்கும் சாட் பெட்டி சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்லும்.

அடுத்து கணக்கு. சலுகை முடிந்தபின் கார்டு வட்டி மாதம் 3.5% என்றால் ஆண்டுக்கு 42%. பாக்கியை 0.42-ஆல் பெருக்கி, 365-ஆல் வகுத்து, நாள் எண்ணிக்கையால் பெருக்குங்கள். நான் கட்டிய நவம்பர் 18 வரை 12,000 ரூபாய்க்கு 12 நாள் வட்டி சுமார் 166. அதன் மேல் 18% ஜிஎஸ்டி. இதற்குத் தனி ஆப் எதுவும் வேண்டாம், ஃபோன் கால்குலேட்டர் போதும்.

இது சின்னத் தொகைதான். பெரிய அடி வேறு இடத்திலிருந்து வந்தது. அக்டோபர் 10-ம் தேதி அதே கார்டில் தீபாவளித் துணியும் ரயில் டிக்கெட்டுமாக 9,000 ரூபாய் தேய்த்திருந்தேன். பழைய பாக்கி இருக்கும்போது புதிய செலவுக்கு வழக்கமான வட்டியில்லாக் காலம் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 39 நாளுக்கு 404 ரூபாய். ஜிஎஸ்டியோடு எல்லாம் சேர்த்து 672. ஆகவே டிரான்ஸ்ஃபர் செய்த கார்டைப் பீரோவில் பூட்டுங்கள். மளிகைக்கு யுபிஐ இருக்கிறது.

பணத்தைச் சலுகை முடிய மூன்று நாள் முன்பே கட்டுங்கள். ஆட்டோ பே வைத்திருந்தால் அது 'டோட்டல் டியூ'வில் (முழு பாக்கி) இருக்கிறதா என்று பாருங்கள். 'மினிமம் டியூ'வில் (கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) இருந்தால் தாமதக் கட்டணம் விழாது, அவ்வளவுதான், வட்டி நிற்காது.

முழுதும் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்டில் கொஞ்சம் வட்டி வந்தால் பதறாதீர்கள். முந்தைய ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. அதையும் உடனே கட்டி முடியுங்கள். எனக்கும் நவம்பர் 29 ஸ்டேட்மென்டில் வந்தது.

மொத்தமாகக் கட்ட முடியாதா? மீதியை இஎம்ஐ ஆக மாற்றக் கேளுங்கள், தனிநபர் கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்டில் ஏடிஎம் பணம் எடுத்து அடைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். அதற்கு எடுத்த நாளே வட்டி, தனிக் கட்டணமும் உண்டு.

பிற்சேர்க்கை: 'நோ காஸ்ட் இஎம்ஐயும் இப்படித்தானா?' என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இல்லை. வட்டியில்லாத் தவணை என்று விற்கும் அதில் மாதத் தொகை முன்பே நிர்ணயமாகிவிடும், திடீரென்று வட்டி தொடங்காது. ஆனால் வங்கி வட்டி போடும், அதற்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்திருப்பார்கள். அந்த வட்டி மீதான ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். சம்பளத் தேதியும் பில் தேதியும் ஒத்துவரவில்லை என்றவருக்கு: ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி பில்லிங் சுழற்சியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வங்கி அனுமதிக்க வேண்டும். நான் மாற்றிவிட்டேன்.