பிக்சல் பொம்மை: எங்கே தொடங்குவது?

கணினியில் பிக்சல் பிக்சலாக, அதாவது திரையின் சின்னஞ்சிறு புள்ளிகளாக, வரைந்து உடை போட்டுவிடும் குட்டி உருவம்தான் பிக்சல் பொம்மை. இதற்காக விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். நான் இன்றும் விண்டோஸ் பெயின்ட்டில்தான் வரைகிறேன். பிரஷ் பக்கம் போகாதீர்கள், ஓரங்களை மங்கலாக்கிவிடும். பென்சிலை ஒரு பிக்சல் அளவில் வைத்து, திரையை 800 சதவீதம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் உடல். ‘பேஸ்’ எனப்படும் வெற்று உருவங்களைப் பலர் இலவசமாகத் தருகிறார்கள். எடுத்தால், வரைந்தவர் பெயரையும் போட்டுவிடுங்கள். அதில் கஞ்சத்தனம் காட்டுபவர்களை எனக்குப் பிடிக்காது.

வளைகோடு படிப்படியாகத்தான் அமையும்; ஒவ்வொரு படியின் நீளமும் 4, 3, 2, 1 பிக்சல் எனச் சீராகக் குறைய வேண்டும். 4, 1, 3 என்று தாவினால் கோடு பல்லிளிக்கும்.

அப்புறம் உடை, நேரம் போவதே தெரியாத இடம். சிவப்பு கவுனுக்கு மூன்று நிறம் போதும்: மடிப்புக்குள் ஊதா கலந்த அடர்சிவப்பு, நடுவில் சிவப்பு, வெளிச்சம் படும் மேட்டில் லேசான ஆரஞ்சு. நிழலுக்கு வெறும் கருப்பைக் கலந்தால் துணி அழுக்காகத் தெரியும். வெளிச்சம் இடது மேலிருந்து என்றால் கடைசிவரை அப்படியே இருக்கட்டும். சுற்றிலும் நிழல் போட்டால் பொம்மை தலையணை மாதிரி உப்பிவிடும்.

கூந்தலை இழை இழையாக இழுக்காமல், கற்றைகளாகப் பிரியுங்கள்.

சேமிக்கும்போது பிஎன்ஜி மட்டும். ஜேபெக் நிறங்களைக் கலங்கடிக்கும். பெரிதாக்குவதென்றால் 2 மடங்கு, 3 மடங்கு என முழு எண்ணில் செய்யுங்கள்.