போலி ஐடி, மார்ஃபிங் படம்: அழிப்பதற்கு முன் லிங்கை எடுங்கள்

பாலக்கோட்டில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்குப் போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். அவள் முகத்தை வேறு உடம்போடு ஒட்டி யாரோ இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார்கள். பயத்தில் அவன் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஐடியையும் பிளாக் செய்துவிட்டுத்தான் வந்தாள். "வீட்டுக்குத் தெரிஞ்சா காலேஜை நிறுத்திட்டு கல்யாணம் பண்ணி வெச்சிருவாங்கண்ணா" என்றாள். நம் தர்மபுரிப் பக்கம் அது சும்மா சொல்கிற பேச்சில்லை. இதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளை சான்றுகளை அழித்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, லிங்க். பதிவின் மேல் இருக்கும் மூன்று புள்ளியையோ ஷேர் பட்டனையோ தொட்டு லிங்கை காப்பி செய்து உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளுங்கள். ஐடி பெயரை மட்டும் எழுதி வைத்தால் போதாது, அதை அவன் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவான். ஸ்கிரீன்ஷாட்டில் பெயர், தேதி, நேரம், அவன் மிரட்டிய வார்த்தைகள் எல்லாம் தெரியட்டும். "இது யாருன்னு பாருங்க" என்று குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள், படம் பரவுவதே அப்படித்தான்.

ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள். படத்தில் இருப்பது 18 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே கூடாது, யாருக்கும் அனுப்பவும் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் அதுவே குற்றம். லிங்கை மட்டும் எடுத்துப் புகார் கொடுங்கள்.

அடுத்து, அதே மூன்று புள்ளியில் ரிப்போர்ட். யார் ரிப்போர்ட் செய்தது என்று அவனுக்குத் தெரியாது. இருபது பேரை விட்டு ரிப்போர்ட் அடிக்க வைத்தால் சீக்கிரம் போய்விடும் என்பார்கள், எண்ணிக்கையை வைத்து இன்ஸ்டாகிராம் நீக்குவதில்லை. சரியான காரணத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். அந்தரங்கப் படம், மார்ஃபிங் படம் என்றால் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் இருந்தது, 2026 பிப்ரவரியிலிருந்து அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள்.

அப்புறம் அரசாங்கப் புகார். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. பெயர் சொல்லாமலும் அங்கே புகார் கொடுக்கலாம். ஆனால் பாதிக்கப்பட்டது நீங்களே என்றால் மொபைல் எண் கொடுத்து ஓடிபி வழியாகப் போவதே நல்லது, அப்போதுதான் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடியும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பணம் கேட்டு மிரட்டி வாங்கிவிட்டான் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098.

படம் இன்னும் பரவவில்லை, பரப்புவேன் என்று மிரட்டுகிறான் என்றால் ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம் இருக்கிறது, 18 வயது முடிந்தவர்களுக்கு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் அடையாளக் குறியீடு மட்டும்தான் போகும், அதை வைத்து இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தப் படத்தை அடையாளம் கண்டு தடுக்கும்.

நேரில் போகிறீர்கள் என்றால் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். அவன் ஓசூரிலோ பெங்களூரிலோ இருந்தாலும் கவலையில்லை, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரை வாங்க வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் சட்டத்திலேயே வந்துவிட்டது. தனியாகப் போகாதீர்கள். அந்தப் பெண் அவள் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனாள், தோழி ஒருத்தி எடுத்து வைத்திருந்த லிங்கோடு.