பிளாட்பெட்டில் லோடு கட்டப் பழகலாம்: கலிபோர்னியா ஓட்டுநர்களுக்கு

பக்கச் சுவர் இல்லாத திறந்த தட்டு வண்டியான பிளாட்பெட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சரக்கை இழுத்துக் கட்டும் பட்டை, அதாவது ஸ்ட்ராப், எத்தனை போடணும்?" அமெரிக்காவில் இதற்கு மத்திய அரசின் விதியைத்தான் மாநிலங்கள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன.

முதலில் சரக்கின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். முன்னால் தடுப்பில் முட்டி நிற்காத சரக்கானால் முதல் 10 அடிக்கு இரண்டு ஸ்ட்ராப். அதற்குமேல் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒன்று. மிச்சம் இரண்டே அடி இருந்தாலும் ஒன்று. நீளம் 5 அடிக்குள், எடை 1,100 பவுண்டுக்குள் இருந்தால் மட்டும் ஒன்று போதும். ஆக, 18 அடி மரப்பெட்டிக்கு மூன்று.

அடுத்தது எடை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்ட்ராப்பில் தைத்த சீட்டில் அது எவ்வளவு தாங்கும் என்று அச்சடித்திருக்கும். எல்லா ஸ்ட்ராப்பையும் கூட்டினால் சரக்கின் எடையில் பாதியாவது வரவேண்டும். அதே பெட்டி 24,000 பவுண்டு என்றால் 12,000 தேவை. 3,333 பவுண்டு தாங்கும் இரண்டு அங்குல ஸ்ட்ராப் மூன்று போட்டால் 9,999தான். நாலாவது போட்டே ஆகவேண்டும். 5,400 பவுண்டு தாங்கும் நாலு அங்குல ஸ்ட்ராப் என்றால் மூன்றே போதும். இரண்டு கணக்கில் எது அதிகம் கேட்கிறதோ அதன்படி கட்டுங்கள். கொக்கி ஸ்ட்ராப்பைவிடக் குறைவாகத் தாங்குமானால் கொக்கியின் அளவுதான் கணக்கு.

ஊரில் லாரிக் கயிறு கட்டிப் பழகிய கைக்கு முடிச்சுப் போடத் தோன்றும். இங்கே ஸ்ட்ராப்பில் முடிச்சு கூடவே கூடாது; முடிச்சு விழுந்த இடத்தில் அதன் வலு குறைந்துவிடும்.

மணல், ஜல்லி ஏற்றினால் கலிபோர்னியாவுக்கென்று தனிச் சட்டம் உண்டு. தார்ப்பாய் மூடவேண்டும், மூடாவிட்டால் சரக்கு பாடியின் சுவரைத் தொடும் இடம் மேல் விளிம்புக்கு 6 அங்குலம் கீழே நிற்கவேண்டும், நடுவில் குவியலின் உச்சியும் விளிம்பைத் தாண்டக்கூடாது. இந்த மாநிலச் சாலையில் வண்டியிலிருந்து விழலாம் என்று சட்டம் விட்டுவைத்தவை இரண்டுதான்: சுத்தமான தண்ணீர், உயிருள்ள கோழி போன்ற பறவைகளின் இறகு.

கிளம்பியபின் முதல் 50 மைலுக்குள் நிறுத்தி லோடைப் பாருங்கள். அதன்பின் 3 மணி நேரம் அல்லது 150 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது. குலுக்கலில் சரக்கு படியும், ஸ்ட்ராப் தளரும். ஒருமுறை அப்படி நிறுத்தியபோது, பெட்டியின் தகர விளிம்பு உரசி மஞ்சள் ஸ்ட்ராப் ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. ஸ்ட்ராப் விளிம்பில் உரசாமல் இடையில் வைக்கும் முனைக்காப்பை வைக்காதது என் தவறு. விரல் அகலத்துக்கு அறுந்திருந்தது. அங்கேயே மாற்று ஸ்ட்ராப் போட்டு, முனைக்காப்பு வைத்து, அதன்பிறகுதான் வண்டியை எடுத்தேன்.